அச்சுக்காரர் பிராங்க்ளின்

ஒரு தேசத்தின் விடுதலைச் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் சேனாபதிகளின் பெயரையே முதலில் எடுப்பது உலக வழக்கம். அமெரிக்கர்கள் 1775 முதல் 1783 வரை ஆங்கிலேயருடன் நடத்திய யுத்தத்தைப் பற்றிய பேச்சிலும் வாஷிங்டனே முன் நிற்கிறார். அது நியாயமே. ஆயினும், அந்த யுத்தம் ஏன் மூண்டது, எவ்வாறு முடிந்தது என்பதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் வைத்துக் காண விரும்புவோருக்கு நாம் வேறொருவரைக் காட்டுவோம். அவர் வாளால் பெயர் பெற்றவரல்லர். அச்சுக் கோத்தவர், பத்திரிகை நடத்தியவர், அறுபது வயதிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் நீதியில் நம்பிக்கை வைத்திருந்தவர், எழுபதாம் வயதில் ராஜத் துரோகி எனப் பெயரெடுத்தவர். பெஞ்சமின் பிராங்க்ளினையே நாம் குறிப்பிடுகிறோம். மனுச் செய்து மனுச் செய்து பார்த்த ஒரு மிதவாதி, எந்த இடத்தில் மனுவைக் கீழே வைத்தார் என்பதே அவருடைய சரித்திரத்தின் சாரம். பொது வாழ்வில் இறங்கியோர் அதனை நிதானமாக ஆராய்வது நன்று.

பிராங்க்ளின் 1706-ஆம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்றவர். அவருக்குப் பிறந்த பதினேழு மக்களில் இவர் பதினைந்தாமவர், ஆண்மக்களில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு இரண்டு வருஷங்களோடு முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் ஒப்பந்தத்தின் பேரில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஜேம்ஸ் 1721-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். தாம் எழுதினால் தமையன் வெளியிடமாட்டார் என்றறிந்த தம்பி, 1722-ல் ஒரு விதவையின் பெயரைப் புனைந்துகொண்டு பதினான்கு கடிதங்கள் எழுதினார். ஊரார் அவற்றை மெச்சினார்கள். அதே வருஷம் அதிகாரிகளை எள்ளி எழுதிய குற்றத்திற்காகத் தமையன் சிறைப்பட்டபோது, பத்திரிகையை நடத்தியவர் பதினாறு வயதான இந்தத் தம்பியே. ஆட்சியின் கோபம் அச்சுக்கூடத்தின் வாசற்படியில் வந்து நிற்பதை அவர் அந்த வயதிலேயே கண்டுவிட்டார். தமையனின் அடியையும் அதிகாரத்தையும் பொறாமல் 1723-ல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

அந்நகரில் அவர் உயர்ந்த விதம் யாவரும் அறிந்ததே. 1729-ல் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கிச் சிறப்பாக நடத்தினார். 1731-ல் சந்தா செலுத்துவோர் கூடி நடத்தும் நூல்நிலையத்தை ஏற்படுத்தினார். அவர் வருஷந்தோறும் வெளியிட்ட பஞ்சாங்கம் குடியேற்ற நாடுகளெங்கும் விற்றது. நாற்பத்திரண்டாம் வயதில் அச்சுத் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்புவித்துவிட்டு மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்னும் அவருடைய கொள்கை ஐரோப்பா முழுவதும் பரவியது. 1753-ல் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. அதே வருஷம் பிரிட்டிஷ் ஸர்க்கார் அவரைக் குடியேற்ற நாடுகளின் தபால் இலாகா உதவித் தலைவர் இருவரில் ஒருவராக நியமித்தது. தபாலை மேற்பார்வையிட ஊர் ஊராகச் சென்றவர், பதின்மூன்று நாடுகளும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே கிடப்பதைக் கண்டார். 1754-ல் ஆல்பனியில் கூடிய மகாநாட்டில், அவற்றையெல்லாம் ஒரு பொதுச் சபையின்கீழ் இணைக்கும் திட்டமொன்றைக் கொடுத்தார். உள்ளூர்ச் சட்டசபைகள் தங்கள் அதிகாரம் குறையுமென்று அதைத் தள்ளின. லண்டனும் அதை ஏற்கவில்லை. பிராங்க்ளின் அப்போது விரும்பியது பிரிட்டிஷ் கொடியின் கீழான ஐக்கியமே என்பதை மறக்கலாகாது.

1757-ல் பென்ஸில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக லண்டன் சென்ற அவர், இடையில் இரண்டு வருஷங்கள் நீங்கலாக, 1775 வரை அங்கேயே வசித்தார். பண்டிதர்களும் பிரபுக்களும் அவருக்கு நண்பரானார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. அவருடைய குமாரர் வில்லியம் நியூஜெர்ஸியின் கவர்னராக அரசரால் நியமனம் பெற்றார். சாம்ராஜ்யத்தால் இவ்வளவு நன்மை அடைந்த குடும்பம் அமெரிக்காவில் வேறு பல இருந்திரா.

இனி, பூசலின் காரணத்தைப் பார்ப்போம். பிரான்சுடன் நடந்த ஏழு வருஷ யுத்தம் 1763-ல் முடிந்தபோது பிரிட்டன் வெற்றியும் பெற்றது, பெருங்கடனும் பெற்றது. தேசியக் கடன் ஏறக்குறைய 13 கோடி பவுனாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவைக் காக்கச் செய்த செலவில் ஒரு பங்கை அமெரிக்கர்களே ஏற்கவேண்டுமென்று மந்திரிகள் கருதினர். அதன் பயனாக 1765-ல் ஸ்டாம்புச் சட்டம் பிறந்தது. பத்திரிகை, துண்டுப் பிரசுரம், பஞ்சாங்கம், கோர்ட்டுத் தஸ்தாவேஜு, சீட்டுக்கட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் முத்திரைக் காகிதம் வேண்டும் என்றது அச்சட்டம். அமெரிக்கர் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாத பார்லிமெண்டு அவர்களுடைய பையில் நேரே கைவைத்தது இதுவே முதல் தடவை. ஜனங்களின் பேச்சையும் வழக்கையும் உருவாக்கும் இரு வகுப்பாரை, அதாவது பத்திரிகைக்காரரையும் வக்கீல்களையும், ஒரே அடியில் பகைத்துக்கொண்ட சட்டம் நெடுநாள் வாழாது என்பதை மந்திரிகள் அறிந்திலர்.

பிராங்க்ளினும் அதை முதலில் அறிந்திலர் என்பதே விசித்திரம். சட்டத்தை எதிர்த்துப் பார்த்தார். நிறைவேறியதும், இனிப் பயனில்லை என்றெண்ணி, பென்ஸில்வேனியாவில் ஸ்டாம்பு விற்கும் உத்தியோகத்திற்குத் தம் சிநேகிதர் ஒருவரைச் சிபாரிசு செய்தார். ஊரில் மூண்ட நெருப்பு அவருக்குக் கடல் கடந்து எட்டவில்லை. 1765 செப்டம்பரில் ஜனக்கூட்டம் அவர் வீட்டையே இடித்துவிடுமென்ற நிலை ஏற்பட்டது. மனைவி டெபோரா துப்பாக்கிகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு அகல மறுத்தாள். தலைவர் ஜனங்களை விட்டு நெடுந்தூரம் வாழ்ந்தால், ஜனங்கள் தலைவருக்கு முன்னே போய்விடுவார்கள். எந்தத் தேசத்து ராஜீயவாதிக்கும் பொருந்தும் பாடம் இது. பிராங்க்ளின் உடனே விழித்துக்கொண்டார். 1766 பிப்ரவரியில் காமன்ஸ் சபையின்முன் நின்று 174 கேள்விகளுக்குத் தளராமல் விடையளித்தார். அமெரிக்கர் யுத்தகாலத்தில் தாமே மனமுவந்து ஆளும் பொருளும் உதவினர் என்பதையும், படைபலத்தைக் கொண்டு ஸ்டாம்பை விற்க இயலாது என்பதையும் சபைக்கு விளக்கினார். மார்ச்சு மாதத்தில் சட்டம் ரத்தாயிற்று.

ஆனால் அதே நாளில் பார்லிமெண்டு மற்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவை எவ்விஷயத்திலும் கட்டுப்படுத்தச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அது பிரகடனம் செய்தது. வரியை விட்டுக்கொடுத்தவர்கள் வரிபோடும் பாத்தியதையை விடவில்லை. வழக்கின் மூலம் இங்கேதான் உள்ளது. ஒருவன் கடனைத் தள்ளிக்கொடுத்துப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், அவன் தயாளன் அல்லன், தருணம் பார்ப்பவன். 1767-ல் அத்தருணம் வந்தது. கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின்மேல் புதிய தீர்வை விழுந்தது. அமெரிக்கர் ஆங்கிலச் சரக்குகளைப் பஹிஷ்கரித்தனர். பாஸ்டனில் சிப்பாய்கள் வந்திறங்கினர். 1770 மார்ச்சு 5-ந் தேதி அவர்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். மறுபடியும் தீர்வைகள் நீக்கப்பட்டன. பாத்தியதையின் அடையாளமாகத் தேயிலைமேல் மட்டும் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டுச் சரித்திரம் அமெரிக்கச் சரித்திரத்தோடு வந்து கலக்கிறது. வங்காளத்தைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, அந்நாட்டை 1770-ன் கொடும் பஞ்சத்தில் ஆழ்த்திய பின்னும் தன் கடனைத் தீர்க்க முடியாமல் தத்தளித்தது. அதன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலைபோல் குவிந்திருந்தது. 1773-ல் பார்லிமெண்டு அக்கம்பெனி நேரே அமெரிக்காவில் தேயிலை விற்க அனுமதித்தது. தீர்வையைச் சேர்த்தும் விலை மலிவே. ஆயினும் மலிவான சரக்கை வாங்குவது வரிபோடும் பாத்தியதையை ஒப்புவதாகும் என்று அமெரிக்கர் உணர்ந்தனர். 1773 டிசம்பர் 16-ந் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. பிராங்க்ளின் இதை மெச்சவில்லை. பிறர் பொருளை அழித்தவர்கள் ஈடு கொடுக்க வேண்டுமென்பதே அவர் கருத்து. அவ்வளவுக்கு மிதவாதி அவர்.

அப்படிப்பட்டவரை மறு கட்சிக்குத் துரத்தியது ஒரு மணி நேரச் சம்பவம். மாஸச்சூஸெட்ஸ் கவர்னர் ஹட்சின்ஸன், ஜனங்களின் உரிமைகளைக் குறைக்க வேண்டுமென்று முன்னர் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் பிராங்க்ளினுக்குக் கிடைத்தன. அவர் அவற்றைப் பாஸ்டன் தலைவர்களுக்கு அனுப்பினார். அவை 1773-ல் அச்சேறின. அனுப்பியவர் யார் என்ற சந்தேகத்தால் லண்டனில் இருவர் வாட்போர் புரிந்தபோது, மேலும் ரத்தம் சிந்தாதிருக்கப் பிராங்க்ளின் தாமே அனுப்பியதாகப் பத்திரிகையில் வெளியிட்டார். பிறருடைய கடிதத்தை வெளியாக்கியது முறையா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குக் கிடைத்த தண்டனையின் விதத்தைப் பார்க்க வேண்டும். 1774 ஜனவரி 29-ந் தேதி, ஹட்சின்ஸனை நீக்கக் கோரும் மனு அரசரின் பிரிவி கவுன்ஸிலின்முன் வந்தது. தேயிலைச் செய்தி எட்டிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஸர்க்கார் வக்கீல் வெட்டர்பர்ன் மனுவைப் பற்றிப் பேசாமல், மனுவைக் கொண்டுவந்தவரைத் திருடனென்றும் மானமற்றவனென்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஏசினார். பிரபுக்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அறுபத்தெட்டு வயதுக் கிழவர், மான்செஸ்டர் வெல்வெட்டு அங்கி தரித்து, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நின்றார். ஒரு வார்த்தையும் மறுமொழி கூறவில்லை. உடனே தபால் உத்தியோகம் பறிக்கப்பட்டது. மனுத் தள்ளுபடியாயிற்று.

மனுவைத் தள்ளுவது அரசாங்கத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. மனுவைச் சுமந்து வந்தவனைச் சிரிப்புக்கு இடமாக்குவது, இனி உன் மனுவை எங்கள் வாசலுக்குக் கொண்டுவராதே என்று சொல்லாமற் சொல்வதாகும். அப்படியும் பிராங்க்ளின் இன்னும் ஒரு வருஷம் லண்டனில் தங்கிச் சமாதானத்துக்கு முயன்றார். சாட்டம் பிரபு கொண்டுவந்த சமரச மசோதாவைப் பிரபுக்கள் சபை 1775 பிப்ரவரியில் உதறித்தள்ளியதை நேரில் கண்டார். இதற்கிடையில் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாஸச்சூஸெட்ஸின் சாஸனம் மாற்றப்பட்டது. 1774 செப்டம்பரில் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் காங்கிரஸாகக் கூடினர். டிசம்பரில் டெபோரா கணவரைக் காணாமலே கண்மூடினாள். 1775 மார்ச்சில் அவர் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருக்கையில், ஏப்ரல் 19-ந் தேதி லெக்ஸிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கிகள் வெடித்துவிட்டன. மே 5-ந் தேதி கரையிறங்கியவரை மறுநாளே காங்கிரஸுக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். காங்கிரஸ் ஜூலையில் அரசருக்குக் கடைசி விண்ணப்பம் அனுப்பியபோது, அது பலிக்காதென்று அவர் அறிந்திருந்தார். அரசர் அதைப் பெற்றுக்கொள்ளவே மறுத்தார். ஆகஸ்டில் அமெரிக்கரைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். 1776 ஜூலை 4-ந் தேதி ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஐவர் குழுவில் பிராங்க்ளினும் ஒருவர்.

இதற்கு அவர் கொடுத்த விலை சொந்தக் குமாரர். கவர்னர் வில்லியம் அரசருக்கு அளித்த சத்தியத்தைக் கைவிட மறுத்தார். 1776 ஜூனில் அமெரிக்கர் அவரைக் கைதுசெய்து கனெக்டிகட்டில் சிறைவைத்தனர். தந்தை தலையிடவில்லை. 1778-ல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையான வில்லியம், நியூயார்க்கில் இருந்துகொண்டு அரச கட்சியாருக்குத் தலைமை வகித்தார். தேச விவகாரம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும்போது, தியாகம் என்ற சொல்லின் கனம் தெரியும்.

யுத்தத்தின் போக்கு முதலில் அமெரிக்கருக்குப் பாதகமாயிருந்தது. பிரிட்டன் பெருங்கடற்படையுடன் ஏறக்குறைய முப்பதினாயிரம் ஜெர்மானியக் கூலிப் படையினரையும் இறக்கியது. 1776-ல் நியூயார்க் வீழ்ந்தது. டிசம்பர் 26-ந் தேதி வாஷிங்டன் டெலாவேர் நதியைக் கடந்து டிரெண்டனில் பெற்ற வெற்றியே அணையவிருந்த விளக்கைக் காத்தது. அந்த டிசம்பரில்தான் பிராங்க்ளின் பேரப்பிள்ளைகள் இருவருடன் பிரான்சில் இறங்கினார். கப்பற்படையும் பொக்கிஷமும் இல்லாத தேசத்துக்கு வேண்டியவை அங்கே இருந்தன. பிரெஞ்சு ஸர்க்கார் மறைமுகமாக மருந்தும் ஆயுதமும் தந்ததே தவிர, வெளிப்படையாகச் சேரத் தயங்கியது. 1777 அக்டோபர் 17-ந் தேதி சரட்டோகாவில் பிரிட்டிஷ் சேனாபதி பர்காயின் தம் படையோடு சரணடைந்தார். டிசம்பரில் செய்தி பாரிஸுக்கு எட்டியதும் தயக்கம் தீர்ந்தது. 1778 பிப்ரவரி 6-ந் தேதி நட்புடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அன்று பிராங்க்ளின் அணிந்திருந்தது, கவுன்ஸிலில் அவமானப்பட்ட நாளில் அணிந்த அதே வெல்வெட்டு அங்கி என்று சொல்வார்கள்.

இவ்வுடன்படிக்கை ஒரு குடும்பச் சண்டையை உலக யுத்தமாக்கியது. 1779-ல் ஸ்பெயின் சேர்ந்தது. 1780-ல் ஹாலந்தும் இழுக்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் 1778-ல் புதுச்சேரியையும் 1779-ல் மாஹேயையும் பிடித்தனர். 1780-ல் ஹைதர் அலி கர்நாடகத்தில் பாய்ந்தார். அமெரிக்கர் ஹைதரைத் தங்கள் தோழராகவே எண்ணினர். பென்ஸில்வேனியாவின் போர்க் கப்பலொன்று அவர் பெயரைத் தாங்கி 1782-ல் டெலாவேர் குடாவில் ஆங்கிலக் கப்பலொன்றைச் சிறைபிடித்தது. இதற்குள் தெற்கு மாகாணங்களில் 1780-ல் சார்ல்ஸ்டன் வீழ்ந்தாலும், 1781 அக்டோபர் 19-ந் தேதி யார்க்டவுனில் தரையில் வாஷிங்டனும் ரோஷாம்போவும், கடலில் தெ கிராஸும் சூழ்ந்துகொள்ள, கார்ன்வாலிஸ் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட படையினருடன் சரணடைந்தார். அமெரிக்காவை இழந்த அதே கார்ன்வாலிஸை 1786-ல் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். யுத்தத்தின் கடைசிப் பெருஞ் சண்டை நம் கடலூருக்கு எதிரே 1783 ஜூன் 20-ந் தேதி பிரெஞ்சுக் கப்பற்படைக்கும் ஆங்கிலக் கப்பற்படைக்கும் இடையே நடந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஜனவரியிலேயே பேசி முடிந்திருந்தது. செய்தி வந்து சேராததால் மனிதர் மாண்டனர்.

சமாதானப் பேச்சில் பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே ஆகியோர் பிரிட்டனுடன் தனித்தே பேசி 1782 நவம்பரில் முன்னுடன்படிக்கை செய்தனர். நட்பு நாடாகிய பிரான்சு மனங்கோணியபோது, பிராங்க்ளின் பணிவாகச் சமாதானம் கூறி, அந்தப் பேச்சோடேயே மறு கடனும் பெற்றார். 1783 செப்டம்பர் 3-ந் தேதி பாரிஸில் இறுதிக் கையெழுத்து விழுந்தது. அமெரிக்கா சுதந்திர தேசமாயிற்று. மிஸிஸிப்பி நதிவரை எல்லை விரிந்தது. அரச கட்சியாருக்கு நஷ்ட ஈடு கூடாது என்பதில் பிராங்க்ளினே மிகக் கடுமையாக நின்றார். அரசியல் உறுதியும் தந்தையின் புண்பட்ட மனமும் அதில் கலந்திருந்தன என்று நாம் நினைக்கிறோம். 1785-ல் ஸௌதாம்ப்டனில் தந்தையும் குமாரரும் கடைசியாகச் சந்தித்தனர். கணக்குத் தீர்ந்தது, மனம் தீரவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நாம் உண்மையில் பாதியையே சொன்னவராவோம். பாரிஸில் கோடிழுத்துக் கொடுத்த நிலங்களில் செவ்விந்தியர் வாழ்ந்தனர். அவர்களை ஒருவரும் கலக்கவில்லை. அடிமைத்தனத்தை வெறுத்து எழுந்தவர்கள் லக்ஷக்கணக்கான ஆப்பிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்தனர். பிராங்க்ளினும் அடிமைகளை வைத்திருந்தவரே. அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் அச்சிட்டுக் காசு பெற்றவரே. 1787-ல் அரசியல் சட்டம் வகுத்த மகாநாட்டில் எண்பத்தொரு வயதில் அமர்ந்திருந்தார். அச்சட்டம் 1808 வரை அடிமை வியாபாரத்தைத் தடுக்கலாகாதென்றது. ஆனால் அதே வருஷம் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790 பிப்ரவரியில், அடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரிக் காங்கிரஸுக்கு மனு அனுப்பினார். தாம் ஸ்தாபித்த சுதேச அரசாங்கத்தின் வாசலில் மீண்டும் மனுதாரராக நின்றார்! அம்மனுவும் கைகூடவில்லை. எதிர்த்துப் பேசிய ஜார்ஜியா பிரதிநிதியைப் பரிகசித்து, சாவதற்குச் சில வாரங்களுக்குமுன் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பதினாறு வயதில் பற்றிய ஆயுதத்தை எண்பத்துநான்கு வயதிலும் அவர் கீழே வைக்கவில்லை. 1790 ஏப்ரல் 17-ந் தேதி உயிர் நீத்தார். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிய மேலும் எழுபத்தைந்து வருஷங்களும், பெரியதோர் உள்நாட்டு யுத்தமும் வேண்டியிருந்தன.

அந்நிய அரசை எதிர்த்து நிற்பது கடினம். வென்றபின் தன் சொந்த ஜனங்களின் அநீதியை எதிர்த்து நிற்பது அதனினும் கடினம். முதலாவதில் கூட்டம் நம்மோடு வரும். இரண்டாவதில் பெரும்பாலும் தனியே நிற்க நேரும். பிராங்க்ளின் முதலாவதைத் தாமதமாகவும், இரண்டாவதை மிகத் தாமதமாகவும் செய்தார். ஆயினும் இரண்டையும் செய்தார். விடுதலை என்பது ஆள்வோர் மாறுவதோடு முடிவதல்ல என்பதைத் தேச ஊழியர் எவரும் மறத்தலாகாது. பிராங்க்ளின் தம் மரண சாஸனத்தில், தூதர் என்னும் பட்டத்துக்கும் தலைவர் என்னும் பட்டத்துக்கும் முன்னதாகத் தம்மை அச்சுக்காரர் என்றே எழுதிவைத்தார். எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அது பெருமையன்று, பொறுப்பு.